ஐடி வேலையை வெளியே கொடுத்தால் ரான்சம்வேர் கவலை தீருமா?

கேள்வி: சர்வர், பேக்கப், ஆன்டிவைரஸ் மூன்றையும் வெளி ஐடி நிறுவனமே பார்க்கிறது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரிலிருந்து தப்ப, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

பதில் 1: முதலில் அவர்கள் உள்ளே வரும் வழியைப் பாருங்கள். அவர்களுடைய ரிமோட் மென்பொருள் எல்லாக் கணினியிலும் அட்மின் உரிமையோடு ஓடுகிறது. 2021 ஜூலையில் கசேயா விஎஸ்ஏ என்ற அப்படிப்பட்ட ரிமோட் மென்பொருளின் ஓட்டை வழியாக ரெவில் என்ற ரான்சம்வேர் கும்பல் புகுந்தபோது, ஐடி நிறுவனங்களோடு அவர்களின் வாடிக்கையாளர்களும் மாட்டினார்கள். ஒவ்வொரு டெக்னீஷியனுக்கும் தனி லாகின், எம்எஃப்ஏ (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பு) கட்டாயம். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் யார் நுழைந்தார் என்று லாகின் பதிவில்கூடத் தெரியாது.

பதில் 2: எனக்குப் பேக்கப்தான் பெரிய கவலை. பேக்கப் சர்வரையும் மற்ற கணினிகள் இருக்கும் அதே டொமைனில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள கணினித் தொகுப்பில்) சேர்த்துவிடுகிறார்கள்; டொமைன் அட்மின் கணக்கு பறிபோனால் பேக்கப்பும் சேர்ந்தே அழியும். ஒரு பிரதியாவது வேறு கணக்கில், 30 நாளுக்கு யாராலும் அழிக்க முடியாதபடி இருக்கட்டும். ‘பேக்கப் முடிந்தது’ என்று வரும் மெயிலை நம்பாதீர்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை முழு சர்வரையும் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஆன நேரத்தையும் எழுதி வாங்குங்கள்.

பதில் 3: ‘4 மணி நேரத்தில் பதில்’ என்பது பெரும்பாலும் டிக்கெட்டை, அதாவது புகார்ப் பதிவை, திறப்பது மட்டுமே. ஞாயிறு அதிகாலை வரும் எச்சரிக்கையை யார் பார்ப்பார், கணினியை உடனே நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்க அவருக்கு அதிகாரம் உண்டா? இரண்டும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.