புதுப்பிப்பு: அப்பாவின் ரோபோ ஆபரேஷனும் வலியும்

அப்பாவுக்கு ரோபோ உதவியுடன் புராஸ்டேட்டை (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) அகற்றப் போகிறார்கள், வலி எப்படி இருக்கும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆபரேஷன் முடிந்து நேற்று அம்பாசமுத்திரம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் வலி எவ்வளவு என்று நர்ஸ் 0 முதல் 10 வரை ஒரு எண் கேட்டார். படுத்தபடி "2" என்றார் அப்பா. "இருமிட்டுச் சொல்லுங்க ஐயா" என்றதும் தலையணையை வயிற்றோடு அணைத்து இருமினார், 6. இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். இருமவும் நடக்கவும் முடியாமல் கிடந்தால் சளி கட்டலாம், காலில் ரத்தம் உறையலாம்.

நாங்கள் எதிர்பாராதது தோள்பட்டை. "வயித்துல ஒண்ணும் இல்லலே, தோளுதான் கடுக்கு" என்றார். ஆபரேஷனின்போது வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவதாம். இரண்டு நாளில் போய்விட்டது.

வலி வரட்டும் என்று காத்திராமல் பாரசிட்டமாலை நேரப்படி கொடுத்தார்கள். ஆனால் சிறுநீர் வடிய வைத்திருந்த குழாயால் அடிவயிறு சுண்டி இழுத்தது. அந்த வலிக்குப் பாரசிட்டமால் கேட்கவில்லை. முதல் இரவு "பரவாயில்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போர்வையைக் கசக்கிய கையைப் பார்த்துத்தான் நர்ஸைக் கூப்பிட்டேன். சிறுநீர்ப்பையின் இறுக்கத்தைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்தார்கள், அப்புறம்தான் தூங்கினார்.

குழாயை எடுக்க வியாழக்கிழமை பாளையங்கோட்டை போகிறோம்.