விலை பேசாமல் வாங்க வந்தவர்

எங்கள் தோட்டம் கோபிசெட்டிபாளையம் பக்கம். கிணற்றிலிருந்து கழற்றிப் போட்ட பழைய 5 எச்பி மோட்டாரைப் படம் பிடித்து, 9,000 ரூபாய் என்று இணையத்தில் போட்டிருந்தார் அப்பா. அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது. விமானப்படையில் வேலை, சூலூருக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன் என்றார் அந்த ஆள். வாட்ஸ்அப்பில் அடையாள அட்டையும் வந்தது. விமானப்படைக்காரருக்குக் கிணற்று மோட்டார் எதற்கு என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைவிட, அவர் விலையே பேசவில்லை. கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசிய அப்பாவுக்கே அது உறுத்தவில்லை.

சரிபார்க்க 5 ரூபாய் அனுப்பச் சொன்னார்; உடனே 10 ரூபாய் திரும்பி வந்தது. அந்தப் பத்து ரூபாயில்தான் அப்பா விழுந்தார். அடுத்து ஒரு கியூஆர் படம். ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வரும் என்றார். போட்டார், 9,000 போய்விட்டது. "தவறு நடந்துவிட்டது, இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள், 18,000 ஆக வரும்" என்று அவசரப்படுத்தியபோதுதான் அம்மா குறுக்கே வந்தார்: "ஏனுங்க, பணம் வாங்கிக்கொள்கிறவருக்கு எதற்கு ரகசிய எண்?"

யூபிஐயில் பணம் பெற ரகசிய எண்ணே தேவையில்லை. அதைப் போட்டால் நம் கணக்கிலிருந்து போகிறது என்றுதான் பொருள்.

நான் வருவதற்குள் அப்பா வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மணி, வெளியே சொல்லிவிடாதே." 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் பணம் போட்டு ஏமாந்த பங்காளிகளைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு அப்படி. செல்பேசியைப் பிடுங்கி, சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்தேன். பணம் போன நேரம், வங்கி, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் கேட்டார்கள். பிறகு தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் உரையாடல் படங்களுடன் புகாரைப் பதிந்தோம். 6,200 ரூபாய் எதிராளியின் கணக்கில் முடக்கப்பட்டது. மீதியை அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள்.

அடுத்த வாரமே இன்னொரு அழைப்பு: கட்டணம் கட்டினால் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோமாம். இந்த முறை அம்மாவே எடுத்துப் பேசினார். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

மோட்டாரை அவினாசிக்காரர் ஒருவர் ஒரு மணி நேரம் குறை சொல்லிச் சொல்லி 7,500க்கு வாங்கிப் போனார். அப்பா ரொக்கத்தை இரண்டு முறை எண்ணினார்.