பழைய பிக்கப் டிரக்கின் முன் சக்கரங்களுக்கு எந்த பிரேக் டிஸ்க், எந்த வீல் பேரிங் வாங்குவது?

கேள்வி: பழையவண்டி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ள பிக்கப் டிரக் 1994-ஆம் ஆண்டு மாடல். பின் சக்கரங்களுக்கு மட்டும் இயக்கம் உள்ளது. இதுவரை 2,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் பாரம் ஏற்றித்தான் ஓட்டுகிறேன். முன் சக்கரங்களில் பிரேக் டிஸ்க்கும் ஹப்பும் (சக்கரத்தின் சுழலும் நடுப்பகுதி) ஒரே வார்ப்பாக உள்ளன. அதற்குள்தான் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகளும் (கூம்பு வடிவ உருளைகள் கொண்டவை) உட்கார்ந்திருக்கின்றன.

சில வாரங்களாக இரண்டு தொல்லைகள். மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது. அதோடு, 50 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் முன்பக்கத்தில் ஓர் இரைச்சல் எழுகிறது. இடப்பக்கம் வளையும்போது அது கூடுகிறது, வலப்பக்கம் வளைந்தால் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. டிஸ்க்கின் தடிமனை அளந்து பார்த்தேன், 24.3 மி.மீ. இருக்கிறது. டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்ச அளவு 24.0 மி.மீ.

துளையிட்டு, வரிப்பள்ளமும் வெட்டிய டிஸ்க்குகள், பேரிங் கப் (பேரிங்கின் வெளிவளையம்) பொருத்தப்பட்ட நிலையில், பேடுகளோடு (டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் பிரேக் கட்டைகள்) சேர்ந்து ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. அதை வாங்குவதா, துளையும் பள்ளமும் இல்லாத சாதாரண டிஸ்க்கை வாங்கி பேரிங்கைத் தனியாக வாங்குவதா, அல்லது பழைய டிஸ்க்கையே லேத்தில் கடைந்துகொள்வதா? சத்தம் ஒரு பக்கம்தான் என்றால் பேரிங்கையும் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் 1: பட்டறைவாசி

வணக்கம் ஐயா. நீங்கள் இரண்டு தொல்லைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வண்டியின் அமைப்பில் அவை ஒன்றாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. டிஸ்க்கைத் தாங்கி நிற்பதே அந்த பேரிங்தான் என்பதால், பேரிங்கில் ஆட்டம் விழுந்தால் டிஸ்க் நேராகச் சுழலாமல் அலையத் தொடங்கும். அலையும் டிஸ்க்கின் ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிச் செல்லும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துவிடும். வெப்பத்தால் டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலரும் சொல்கிறார்கள். நான் அளந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை வளைந்தவை அல்ல. தடிமன் இடத்துக்கு இடம் மாறியவை. பேரிங்கைக் கவனிக்காமல் புது டிஸ்க் மட்டும் போட்டால் நடுக்கம் சில மாதங்களில் திரும்பி வரும்.

இடப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் வலச் சக்கரத்துக்குச் சாய்கிறது. அப்போது சத்தம் கூடுகிறது என்றால் வலப்பக்க பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மேடுபள்ளமாகத் தேய்ந்த டயரும் இதே போல இரையும். ஆனால் டயரின் இரைச்சல் சாலையின் மேற்பரப்புக்கு ஏற்ப மாறும். பேரிங்கின் இரைச்சல் எந்தச் சாலையிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்திருக்கும்போது ஆட்டம் மறைந்தால் அது பேரிங்கின் ஆட்டம். மிதித்த பிறகும் ஆடினால், சக்கரத்தைத் தாங்கும் கைகளின் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் பக்கம் பார்க்க வேண்டும்.

துளையிட்ட டிஸ்க் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பாரம் ஏற்றும் வண்டிக்கு வேண்டியது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இரும்பு. துளை போடும்போது குறைவது அந்த இரும்புதான். மேலும், சூடேறி ஆறும்போது விரிசல் தொடங்குவதும் அந்தத் துளைகளின் விளிம்பில்தான். பழங்காலப் பேடுகள் சூடாகும்போது வாயுவை வெளிவிட்டதால், அது வெளியேற வழியாகத் துளைகள் பயன்பட்டன. இன்றைய பேடுகளில் அந்தத் தேவை மிகக் குறைவு. வரிப்பள்ளம் துளை அளவுக்குத் தீமை செய்யாது என்றாலும் பேடைச் சற்று வேகமாகத் தேய்க்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பாரத்தோடு 2,500 கிலோ உள்ள வண்டி 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 617 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் 70 விழுக்காட்டை முன் பிரேக்குகள் ஏற்கின்றன என்று கொண்டால் ஒரு டிஸ்க்குக்கு 216 கிலோஜூல் வரும். பேடு உரசும் பகுதி 10 கிலோ என்றால் அதன் வெப்பநிலை ஒரே நிறுத்தத்தில் ஏறக்குறைய 47 டிகிரி உயரும். 8 கிலோ என்றால் 59 டிகிரி. மலைச்சாலையில் ஆற நேரமின்றி அடுத்தடுத்துப் பிரேக் பிடிக்கும்போது இந்த வேறுபாடு கூடிக்கொண்டே போகும். ஆகவே ஒரே வண்டிக்கான இரண்டு தயாரிப்புகள் கையில் கிடைத்தால் தராசில் வைத்துப் பாருங்கள். பிறகு இரு தட்டுகளுக்கும் இடையில் காற்று ஓடும் வழிகளைப் பிரிக்கும் தடுப்புகளை எண்ணிப் பாருங்கள். மலிவானவற்றில் தடுப்புகள் குறைவாகவும், தட்டு மெல்லியதாகவும் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பதில் 2: லேத்மேசை

கடைவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 24.3 மி.மீ. உள்ள டிஸ்க்கின் இரு முகங்களிலும் 0.15 மி.மீ. மட்டும் எடுத்தாலே 24.0-க்கு வந்துவிடும். அந்த எண் தூக்கி எறிய வேண்டிய அளவைக் குறிக்கிறதே தவிர, கடைந்து மீண்டும் மாட்டக்கூடிய அளவைக் குறிக்கவில்லை. இந்த டிஸ்க்கை நான் லேத்தில் ஏற்ற மாட்டேன்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து ஏறக்குறைய 10 மி.மீ. உள்ளே, சம இடைவெளியில் எட்டு இடங்களில் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அளவுகளுக்கு இடையே 0.02 மி.மீ. வேறுபாடு இருந்தாலே பல வண்டிகளில் நடுக்கம் தெரியத் தொடங்கும். சாதாரண வெர்னியர் இதற்கு ஒத்துவராது. தேய்ந்த முகத்தின் ஓரத்தில் நிற்கும் மேட்டில் அதன் தாடை உட்கார்ந்து, உள்ளதைவிடத் தடிமனாகக் காட்டும். உங்கள் 24.3 அப்படி வந்த அளவா என்று பாருங்கள்.

டிஸ்க்கை எப்போதும் இருபக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையென்றால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். பேரிங்கில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் உங்கள் அமைப்பில் டிஸ்க்கைக் கழற்றினால் பேரிங்கும் கையோடு வந்துவிடுவதால், ஒரு பக்கம் பழையதை விட்டுவைப்பதில் மிச்சமாவது ஒன்றும் இல்லை.

பழையவண்டி

இருவருக்கும் நன்றி. நேற்று இரு பக்கமும் கழற்றிப் பார்த்தேன். அளவு விஷயத்தில் நீங்கள் சந்தேகித்தது சரிதான். நான் வெர்னியரால்தான் அளந்திருந்தேன். மைக்ரோமீட்டரில் வலப்பக்க டிஸ்க்கின் மிகத் தடித்த இடம் 23.92, மிக மெல்லிய இடம் 23.88.

கழற்றும் முன் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்ததில் வலப்பக்க ஹப்பின் ஆட்டம், அச்சு வழியே உள்ளும் வெளியுமாக, 0.3 மி.மீ. இருந்தது. அந்தப் பக்கத்து உள் பேரிங்கின் கிரீஸ், பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால், கப்பின் உள்முகத்தில் ரோலர்களின் இடைவெளிக்குச் சரியாகக் கோடு கோடாக அடையாளங்கள். இரண்டு இடங்களில் நகத்தால் கிள்ளி எடுத்தது போல உலோகம் பெயர்ந்திருந்தது. கிரீசை உள்ளே நிறுத்தித் தண்ணீரைத் தடுக்கும் சீலின் உதடு கல்லாக இறுகி வெடித்திருந்தது. சீல் உராயும் இடத்தில் ஸ்பிண்டிலில் (ஹப் சுழலும் அச்சுத்தண்டு) ஒரு வளையம் பதிந்திருக்கிறது. நகம் அதில் சிக்குகிறது. இடப்பக்கம் சத்தம் இல்லை என்றாலும், அங்கே கப் ஒரு நிறுவனத்துடையது, கோன் (உருளைகளோடு கூடிய உள்வளையம்) வேறொரு நிறுவனத்துடையது. முன்பு ஒரு பட்டறையில் மாற்றியபோது அப்படிச் செய்திருக்கிறார்கள் போலும். ஸ்பிண்டிலை என்ன செய்வது?

பதில் 3: கிரீஸ்கை

நீங்கள் விவரித்ததிலிருந்து தண்ணீர் புகுந்ததுதான் மூல காரணம் என்று தெரிகிறது. சீல் முதலில் போனது, பேரிங் அடுத்துப் போனது, டிஸ்க் கடைசியாகப் போனது. ஆகவே மூன்றிலும் மிகச் சிறிய பொருளான சீலை மலிவாக வாங்காதீர்கள்.

நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது. அந்த இடத்தின்மேல் தட்டி ஏற்றும் மெல்லிய எஃகு உறை கிடைக்கிறது. உங்கள் ஸ்பிண்டில் விட்டத்துக்குப் பொருந்துவதை வாங்கிப் போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் கோன் உட்காரும் இடத்தைப் பாருங்கள். புதுக் கோனை அங்கே கையால் தள்ளினால் வழுக்கி ஏற வேண்டும். ஏறிய பிறகு மேலும் கீழும் ஆடக் கூடாது. அந்த இடம் நீலம் பாரித்திருந்தாலோ, கோன் ஆடினாலோ, எந்த நல்ல பேரிங்கும் அதைக் காப்பாற்றாது. ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும்.

டேப்பர் பேரிங்கில் கப்புக்கு ஓர் எண், கோனுக்கு ஓர் எண் உண்டு. எடுத்துக்காட்டாக எல்எம்11949 என்பது 19.05 மி.மீ. உள்விட்டம் உள்ள கோன். எல்எம்11910 என்பது அதற்கான கப். எண் ஒன்றாக இருந்தால் வேறு நிறுவனத்துடையதும் அளவில் பொருந்திவிடும். ஆனால் ரோலர் முகத்தின் நுண்ணிய வளைவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம் என்பதால் கப்பும் கோனும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவையாக இருப்பதே நல்லது. அதனால்தான் தொகுப்பாக வரும் டிஸ்க்குகளில் எனக்குத் தயக்கம். உள்ளே இருக்கும் கப் யாருடையது என்று பொறித்திருக்காவிட்டால் அதைத் தட்டி எடுத்துவிட்டு உங்கள் பேரிங்கோடு வந்த கப்பைப் போடுங்கள். டிம்கன், எஸ்கேஎஃப், என்டிஎன், கோயோ ஆகிய எதுவும் நல்லதே. பெயரைவிட முக்கியம், போலி இல்லாத இடத்தில் வாங்குவது.

புதுக் கப்பை ஏற்ற, பழைய கப்பின் வெளிமுகத்தைச் சற்றே தேய்த்துவிட்டு அதையே மேலே வைத்துத் தட்டுங்கள். முழுதாக உட்கார்ந்ததும் சுத்தியலின் ஓசை தெளிவாக மாறும். பிரேக் வெப்பம் ஹப் வரை வருவதால் கிரீஸ் லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகையாக, என்எல்ஜிஐ 2 தரத்தில் (கிரீசின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) இருக்கட்டும். அதன் சொட்டுநிலை (இளகிச் சொட்டத் தொடங்கும் வெப்பநிலை) ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ், சாதாரண லித்தியம் கிரீசுக்கு அது 190 அளவில்தான். உள்ளங்கையில் கிரீசை வைத்து, கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, குறுகிய பக்கத்தில் ரோலர்களுக்கு இடையே அது புழுவாகப் பிதுங்கி வரும்வரை ஏற்றுங்கள். பழைய கிரீசை முழுதும் கழுவிவிடுங்கள். ஆனால் கழுவிய பேரிங்கைக் காற்றுக்குழாயால் சுழற்றாதீர்கள், ரோலர் தெறித்துக் கண்ணில் பட்டால் மீட்க முடியாது.

நட்டை முறுக்கும்போது டிஸ்க்கைக் கையால் சுற்றிக்கொண்டே, உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள விசைக்கு இறுக்கி, பிறகு தளர்த்தி, விரல்களால் மட்டும் மீண்டும் முறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் போடுங்கள். அச்சு வழியான ஆட்டம் 0.025 முதல் 0.125 மி.மீ. வரை இருக்கலாம். ஆட்டமே கூடாது என்று இறுக்கி வைத்து பேரிங்கை எரித்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். காட்டர் பின் ஒருமுறை கழற்றினால் குப்பைக்குத்தான்.

பழையவண்டி

வேலை முடிந்தது, பின்னால் வருபவர்களுக்காக எழுதுகிறேன். கோன் உட்காரும் இடம் நன்றாகவே இருந்ததால் ஸ்பிண்டிலை மாற்றாமல் எஃகு உறை மட்டும் போட்டேன். இருபக்கமும் துளையில்லாத டிஸ்க், புதுப் பேடு, ஒரே நிறுவனத்தின் கப்பும் கோனும், புது சீல். டிஸ்க்கில் கப் ஏற்கெனவே இருந்தது. எண் எதுவும் பொறிக்கப்படாததால் தட்டி எடுத்துவிட்டேன். டிஸ்க்கின்மேல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசியிருந்த எண்ணெயைச் சோப்பு நீரில் கழுவிய பிறகே மாட்டினேன். ஆட்டம் இருபக்கமும் 0.05 மி.மீ.; டிஸ்க் முகத்தின் அலைவு வலப்பக்கம் 0.04, இடப்பக்கம் 0.03.

வீல் நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரென்ச்சால் இரண்டு சுற்றில் இறுக்கினேன். பிறகு ஆளில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, நிற்காமல், இடையிடையே ஆறவிட்டு எட்டு முறை மிதமாகப் பிரேக் பிடித்துப் பேடைப் பழக்கினேன். 400 கி.மீ. ஓடியபின் இன்று மீண்டும் தூக்கிப் பார்த்தேன். வலப்பக்க ஆட்டம் 0.07 ஆகியிருக்கிறது, இடப்பக்கம் மாறவில்லை. இரைச்சலும் நடுக்கமும் இல்லை.