பாடகர் வீட்டைச் சுற்றுலாத் தலமாக்கலாமா? இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஓய்வு பெற்ற வாத்தியார், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், கடைசி வீடு ஒரு பாடகருடையது. அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. குடும்பத்தாரைக் கேட்காமல் பெயரைப் போட எனக்கு மனமில்லை. ரப்பர் தோட்டத்துப் பால் வெட்டுக்காரர் மகன். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில்தான் முதன்முதலாக மைக் பிடித்தார். பிறகு பாட்டுப் பதிவுக்காக ரயிலேறி கோலாலம்பூர் வானொலி நிலையமான அங்காசபுரிக்குப் போவார், மறுநாளே திரும்பி வந்துவிடுவார். கோலாலம்பூரிலேயே தங்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியும் அவர் ஊரை விடவில்லை.

இப்போது சுற்றுலாத் தொழில் நடத்தும் வெளியூர்க்காரர்கள் சிலர் வந்து பேசுகிறார்கள். வீட்டை எடுத்துப் புதுப்பித்து மக்கள் பார்வைக்குத் திறப்பதாகச் சொல்கிறார்கள். கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் படத்தைக் காட்டியபோது மனம் கனத்துவிட்டது. முன்பக்கத்தைப் பலகையும் தகரமும் வைத்துத் தோட்டத்து லயம் மாதிரி மாற்றப் போகிறார்களாம். வாசலில் ஒரு பால் வாளி, வாளிகளைத் தோளில் தூக்கும் ஒரு காண்டா கம்பு, சுவர் முழுக்க அவர் முகம். நுழைவுக் கட்டணம் 15 வெள்ளி (ரிங்கிட்).

அவர் லயத்தில் பிறந்தவர்தான். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். அந்த லயம் இடிக்கப்பட்டு இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. இந்தக் கல்வீடு அப்படியல்ல. ஊழியர் சேமநிதியில் இருந்த பணத்தை எடுத்து, மீதியை மாதாமாதம் கட்டி அவர் வாங்கியது. சாவி கிடைத்த அன்று என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து காட்டினார். "வாத்தியாரே, நம்ம வீட்டுக்குள்ளேயே தண்ணி" என்றார். அந்த வீட்டுக்குத் தகரம் அடித்து மறுபடியும் லயமாக்கினால், அவர் வாழ்நாளெல்லாம் நடந்து கடந்த தூரத்தை அழித்துவிட்ட மாதிரி எனக்குப் படுகிறது.

ஊர்க் கூட்டத்தில் என் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். பிரபலமானவர்கள் வாழ்ந்த வீடுகளுக்குப் போய் வந்தவர்கள் அங்கே என்ன பார்த்தீர்கள், எது மனத்தில் நின்றது, எது உறுத்தியது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

ஜெலுத்தோங் அக்கா, பினாங்கு

வாத்தியார் ஐயா, எங்களுக்குப் பக்கத்துலயே ஒன்னு இருக்கு. மலாய்ப் பட நடிகர், பாடகர் பி. ரம்லி பிறந்த வீடு. இப்ப அந்த ரோட்டுக்கே ஜாலான் பி. ரம்லின்னு பேரு. எங்க அப்பா கடைசி வரைக்கும் கவுண்டர் ஹால் ரோடுன்னுதான் சொல்வாரு. ரம்லியோட அப்பா இந்தோனேசியாவுல இருக்குற அச்சேயிலிருந்து வந்தவரு. 1926-ல அவங்க குடும்பமே கட்டுன மரவீடு அது. 1929 மார்ச் 22-ல ரம்லி அங்கதான் பிறந்தாரு. தேசிய ஆவணக் காப்பகம் அதைச் செப்பனிட்டு வச்சிருக்கு. உள்ளே போகக் காசு வாங்க மாட்டாங்க.

எங்க அம்மாவை ஒருநாள் கூட்டிட்டுப் போனேன். அவங்க கெடாவுல ஒரு தோட்டத்துல பால் வெட்டுனவங்க. திடல்ல வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவாங்களாம். ஒரு மாசம் தமிழ்ப் படம், ஒரு மாசம் ரம்லி படம். பாஷை பாதி புரியாட்டியும் அவரு அழுதா இவங்களும் அழுவாங்களாம். அந்த வீட்டுக்குள்ள போனதும் அம்மா படத்தை எல்லாம் பார்க்கல. குனிஞ்சு பலகைத் தரையைத் தடவிப் பார்த்தாங்க. "இவ்வளவு சின்ன வீட்டுலேருந்தா அந்தக் குரல் வந்துச்சு"ன்னு கேட்டுட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பெரியவரு ஒன்னும் சொல்லல, மின்விசிறியை மட்டும் அம்மா பக்கமாத் திருப்பி வச்சாரு.

அவரு கடைசிக் காலத்துல வாழ்ந்த செத்தாப்பாக் வீட்டையும் 1986-ல நினைவில்லமா திறந்தாங்க. அங்கேயும் போயிருக்கேன். அவரு பொருளெல்லாம் அங்க நிறைய இருக்கு, படிக்கவும் நிறைய இருக்கு. ஆனா என் மனசுல நிக்கிறது இந்தச் சின்ன வீடுதான். அதுல யாரும் எதையும் பெருசாக்கிக் காட்டல. நீங்களும் அந்தக் கல்வீட்டைக் கல்வீடாவே விடச் சொல்லுங்க ஐயா.

சுற்றுலா வேன் ஓட்டுநர், ஈப்போ

வாத்தியாரே, ஒரே ஒரு விஷயம். பஸ் எங்க நிக்கும்? தாமான் ரோட்டுல ரெண்டு காடி எதிரெதிரா வந்தாலே ஒன்னு ஒதுங்கணும். நான் ஆள் ஏத்திட்டுப் போற இடத்துலயெல்லாம் முதல் சண்டை அங்கதான் ஆரம்பிக்கும். வீட்டு கேட்டை மறிச்சு வண்டியைப் போடுவாங்க, அந்த வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வந்து ஹாரன் அடிப்பாரு. அப்புறம் கழிப்பறை. நாப்பது பேர் வந்தா ஒரு வீட்டுக் கழிப்பறை தாங்காது. இது ரெண்டுக்கும் பதில் இல்லாம யாரும் கையெழுத்துப் போட வேணாம்.

அவர் வீட்டுக்கு எதிர்வீடு

வாத்தியார் சொல்லித்தான் இங்க எழுதுறேன். என் மகதான் டைப் பண்ணித் தர்றா.

அண்ணன் இருந்தப்பவே ஆளுங்க வருவாங்க. அவரு கைலியோட வெளிய வந்து, வந்தவங்களைப் பலா மரத்தடியில உக்கார வச்சு, அவரு சம்சாரம் அக்காகிட்ட தேத்தண்ணி போடச் சொல்வாரு. அவரு போனதுக்கு அப்புறமும் வராங்க. கேட்டைப் பிடிச்சு எட்டிப் பார்க்குறாங்க. சில பேர் கண் கலங்கி நிப்பாங்க, அவங்களைப் பார்த்தா எனக்கும் அழுகை வந்துரும். ஆனா ஒரு ராத்திரி யாரோ கேட்டுல இருந்த வீட்டு நம்பர்த் தகட்டைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. அக்கா கிள்ளான்ல மக வீட்டுல இருக்காங்க. போன்ல சொன்னப்ப ரொம்ப நேரம் பேசவே இல்ல. அது அண்ணன் தன் கையால அடிச்ச தகடு.

அண்ணன் காலையில அஞ்சு மணிக்கெல்லாம் எழுந்துருவாரு. தோட்டத்துல விடியக்காலையில பேர் கூப்பிடுற பிரட்டுக்குப் போன பழக்கம், சாகுற வரைக்கும் விடல. எழுந்ததும் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லு மேல உக்காந்து மெதுவா சுருதி பிடிச்சுப் பாடுவாரு. சத்தமாப் பாட மாட்டாரு, பிள்ளைங்க தூங்குமேன்னு. நான் அடுப்பைப் பத்த வைக்கிறது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். அந்தக் கல்லு இன்னும் அங்கதான் இருக்கு. அவங்க காட்டுன படத்துல அந்த இடத்துல பலகாரக் கடை போட்டிருக்காங்க.

வெளிய யாருக்கும் தெரியாதது இதுதான், அதனாலதான் சொல்றேன். அந்தக் கல்லை எடுக்காதீங்க.

ஓய்வு பெற்ற தாதி, தைப்பிங்

எதிர்வீட்டுத் தங்கச்சி எழுதியதைப் படித்ததும் எனக்கு லிவர்பூல் ஞாபகம் வந்துவிட்டது. தாதிப் பயிற்சிக்காக இங்கிலாந்து போய் அங்கே நீண்ட காலம் வேலை செய்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை பழைய தோழிகளோடு பீட்டில்ஸ் பாடகர்கள் வளர்ந்த இரண்டு வீடுகளைப் பார்க்கப் போனேன்.

ஒன்று ஜான் லென்னன் அத்தை வீடு. லென்னனின் பெரியம்மாதான் அவர், அங்கே எல்லாரையும் ஆன்ட்டி என்பதால் எனக்கு அத்தை என்றே வாயில் வருகிறது. லென்னன் 1980-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2002-இல் அவர் மனைவி யோகோ ஓனோ அந்த வீட்டை வாங்கி, மரபுச் சின்னங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அடுத்த வருடம் திறந்தார்கள். பெரியம்மாவுக்குக் கிட்டார் சத்தம் ஆகாதாம், "முன்வாசல் கூண்டுக்குப் போ" என்று விரட்டிவிடுவாராம். ஆள் இரண்டு பேர் நிற்க முடியும், அவ்வளவுதான் அந்த இடம். பையன்கள் அங்கே நின்றுதான் பாடிப் பழகியிருக்கிறார்கள். எனக்கு அந்த வீட்டிலேயே பெரிய இடம் அதுதான்.

இன்னொன்று பால் மெக்கார்ட்னி குடும்பம் 1955-இல் குடியேறிய வீடு. நகராண்மைக் கழகம் கட்டி வாடகைக்கு விட்ட வரிசை வீடுகளில் ஒன்று. நம் தாமான் வீடு போலவே இரண்டு பக்கமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பாலின் அம்மா என்னைப் போல் தாதி, பிரசவம் பார்த்தவர். குடியேறிய அடுத்த வருடமே புற்றுநோயில் போய்விட்டார். அவர் நின்ற சமையலறையில் நின்றபோது என்னால் பேச முடியவில்லை. பாலின் தம்பி அந்தக் காலத்தில் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் வீட்டைப் பழையபடி ஆக்கியிருக்கிறார்கள். கற்பனையாக எதையும் சேர்க்கவில்லை.

ஐயா கேட்ட விஷயத்துக்கு முக்கியமானது இதுதான். நம் காரில் போய் உள்ளே நுழைய முடியாது. முன்பதிவு செய்தவர்களைச் சின்ன வேனில் அவர்களே அழைத்துப் போகிறார்கள். ஒரு நேரத்தில் சில பேர் மட்டும். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஐந்து நிமிடம் போனதும் தெரிந்தது, கையில் போன் இல்லாததால் எல்லாரும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஈப்போ தம்பி கேட்ட பஸ் கேள்விக்கு அங்கே இப்படித்தான் பதில் வைத்திருக்கிறார்கள்.

சுங்கை சிப்புட் பையன், இப்போது சிங்கப்பூரில்

சார், நான் உங்ககிட்ட படிச்சவன். கொஞ்சம் மாத்திப் பேசுறேன், மன்னிச்சுக்குங்க.

காசு வாங்குறது தப்புன்னு நினைக்காதீங்க. வேலை விஷயமா மெம்பிஸ் போனப்ப எல்விஸ் பிரெஸ்லி வீட்டைப் பார்த்தேன், கிரேஸ்லேண்ட். அவரு 1977-ல செத்தாரு. வரியும் பராமரிப்புச் செலவும் சேர்ந்து சொத்தையே முழுங்கப் பார்த்துச்சு. மகளோ சின்னப் பொண்ணு. அதனாலதான் முன்னாள் மனைவி பிரிசில்லா பொறுப்பெடுத்து 1982-ல டிக்கெட் போட்டுத் திறந்தாங்க. திறக்காம இருந்திருந்தா வீடு கைவிட்டுப் போயிருக்கும். நம்ம ஊர்ல ஈ.டி.எஸ் ரயில் நிக்குது, ஆனா இறங்கிப் பார்க்க ஒரு காரணம் வேணும்ல சார்? 1954-ல திறந்த மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளி இருக்கு, ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவரா இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர்னு பேரு இருக்கு. இந்த வீட்டையும் சேர்த்தா அரை நாள் சுத்திப் பார்க்கலாம். நாலு பேருக்கு வேலை கிடைச்சா நான் ஏன் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகணும்?

ஆனா ஒன்னு. கிரேஸ்லேண்ட்ல அவ்வளவு கூட்டம் வந்தும் மாடிக்கு யாரையும் விடுறதில்ல. அவரு படுக்கையறை மேலதான். மாடிப்படி வரைக்கும் பார்த்துட்டுத் திரும்பிடணும். யாரும் கோவிச்சுக்கல. கீழே நின்னு மேலே பார்த்தப்பதான் எனக்கே, இது ஒருத்தரோட வீடு, நாம விருந்தாளின்னு தோணுச்சு.

பாகான் செராய்

2022-இல் சென்னை போயிருந்தோம். ஆட்டோக்காரர் போயஸ் தோட்டம் வழியாகப் போய் வேதா நிலையத்தைக் காட்டினார். வாசல் பூட்டிக் கிடந்தது. ஜெயலலிதா அம்மா 2016-இல் மறைந்த பிறகு அரசாங்கம் அதை நினைவில்லமாக்க முடிவெடுத்து, 2021 ஜனவரியில் திறப்பு விழாவும் நடத்தியது. அண்ணன் பிள்ளைகள் நீதிமன்றம் போனார்கள். அதே வருடம் நவம்பரில், கையகப்படுத்தியது செல்லாது, மெரினாவில்தான் நினைவிடம் இருக்கிறதே என்று தீர்ப்பாகி, சாவி வாரிசுகள் கைக்குப் போனது. அவ்வளவு பெரிய அரசாங்கமே வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் எடுத்து, கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வாத்தியாரே, பாடகரின் மனைவி கிள்ளானில் இருப்பதாக எதிர்வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார். அவரிடம் யாராவது கேட்டார்களா?

ஓய்வு பெற்ற வாத்தியார், சுங்கை சிப்புட்

பாகான் செராய்க்காரர் கேட்ட கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மகனிடம் மட்டும் பேசியிருந்தார்கள்.

மறுநாளே கிள்ளான் போனேன். இந்தப் பதிவுகள் எல்லாவற்றையும் அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஜெலுத்தோங் அக்காவின் அம்மா தரையைத் தடவியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். எதிர்வீட்டுத் தங்கச்சி அந்தக் கல்லைப் பற்றி எழுதியதைக் கேட்டதும் சிரித்தார். "அந்தக் கல்லுல உக்காராதீங்க, சளி பிடிக்கும்னு நாப்பது வருஷமாச் சொன்னேன்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை மகனோடும் மகளோடும் இங்கே வந்தார். வீட்டைத் திறந்து ஜன்னல்களைத் தள்ளிவிட்டு, அறை அறையாக நடந்து அவரே சொன்னார். முன்கூடம் திறந்திருக்கட்டும். ஆர்மோனியமும் கேசட்டுகளும் அங்கேயே இருக்கட்டும், கண்ணாடிப் பெட்டி வேண்டாம், ஒரு கயிறு கட்டினால் போதும். பின்கட்டும் கல்லும் பலா மரமும் எல்லாரும் பார்க்கலாம். படுக்கையறைக் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டார். தகரம், பலகை, பால் வாளி எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. லயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் வாத்தியார் வாயால் சொல்லட்டும் என்றார்.

சிங்கப்பூர்த் தம்பி, உன் பேச்சையும் எடுத்து வைத்தேன். ஐந்து வெள்ளி வாங்கலாம் என்று ஒப்புக்கொண்டார். மின்சாரக் கட்டணத்துக்கும், வீட்டைப் பார்த்துக்கொள்ள வரும் பிள்ளைகளின் சம்பளத்துக்கும். தேத்தண்ணிக்குத் தனியாகக் காசு வாங்கக்கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். வீடு தேடி வருகிறவர்களுக்கு அண்ணன் கொடுத்தது அது.

சுற்றுலாக்காரர்கள் இதற்கு ஒத்துவரவில்லை. கூட்டத்தில் சிலருக்கு என் மேல் வருத்தம், அது எனக்குத் தெரியும். நானும் ஊரில் இன்னும் ஐந்து பேரும் சேர்ந்து சிறிய அளவில் தொடங்குகிறோம். ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, ஒரு நேரத்தில் எட்டுப் பேர். வண்டியைக் கோயில் திடலில் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும், ஏழு நிமிடம்தான். கோயிலில் கழிப்பறை இருக்கிறது.

இன்னும் ஒரு வேண்டுகோள். அந்த நம்பர்த் தகட்டை எடுத்தவர் இதைப் படித்தால், யாரென்று நாங்கள் கேட்க மாட்டோம். கேட்டுக்கு உள்பக்கம் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. அதில் போட்டுவிட்டுப் போகலாம்.