குவேக்கர் கோடை முகாமுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்த உதவி தேவை

வணக்கம். நல்லூரிலிருந்து எழுதுகிறேன். 15 வயது மகளும் 13 வயது மகனும் ஆகஸ்டில் இங்கிலாந்துக்குப் போகிறார்கள். அங்கே பெரியம்மாவின் பிள்ளைகளோடு ஒரு வாரம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் இளையோர் முகாமில் தங்குவார்கள்.

அங்கத்தைய குவேக்கர் வழிபாட்டில் பாதிரியாரும் இல்லை, பாட்டும் இல்லை. எல்லோரும் மௌனமாக இருப்பார்கள்; மனம் ஏவினால் யாரும் எழுந்து பேசலாம். நேற்றிரவு விறாந்தையில் பத்து நிமிடம் இருந்து பார்த்தோம். நாலாம் நிமிடமே மகன் பாயின் நாரைப் பிடுங்கத் தொடங்கிவிட்டான்.

துவாய், சுவெட்டர் எல்லாம் சரி, வாங்கிவிடலாம். ஆனால் மகள் ஒரு இரவுகூட என்னைப் பிரிந்து படுத்ததில்லை. அதுதான் பெரிய கவலை. பிள்ளைகளை இப்படி அனுப்பியவர்கள் சொல்லுங்கள்: வீட்டு நினைப்பைத் தாங்க எப்படிப் பழக்கினீர்கள்? தினமும் போன் எடுக்கலாமா? மௌனத்துக்கு எப்படிப் பழக்குவது?