'காம்பிட்டன்சி'க்குத் தேர்திறன்: ஒரு பரிந்துரை

அன்புள்ள கல்விக் கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கற்றதைச் சூழலுக்கு ஏற்பப் பயன்படுத்தும் ஆற்றலைக் குறிக்கும் 'காம்பிட்டன்சி' (competency) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'திறன்' போதும் என்று நம் குழுமத்தில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. திறன் என்பது 'ஸ்கில்'லுக்கு நிலைத்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் வகுப்பறையில் வேறுபாடே மறைந்துவிடும். கன அளவுச் சூத்திரத்தை ஒப்பிப்பது அறிவு. கணக்கைப் பிழையின்றிப் போடுவது திறன். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் கிடைக்கும் என்று கண்டு, அதற்கு எந்த அளவுத் தொட்டி வேண்டும், வழியில் எவ்வளவு வீணாகும் என்றும் ஒரு மாணவி யோசிக்கிறாள் என்றால், அதற்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

இலங்கையில் இதற்குச் சொல் இருக்கிறது. 2007 கல்விச் சீர்திருத்தத்துக்குப் பின் வந்த ஆசிரியர் வழிகாட்டிகளில் 'தேர்ச்சி', 'தேர்ச்சி மட்டம்' என்றே வருகிறது. அருமையான சொல், தேர்ந்த தச்சர், தேர்ந்த மருத்துவர் என்கிறோம் அல்லவா? அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் முதல் விருப்பமும். ஆனால் தமிழ்நாட்டில் தேர்ச்சி என்றால் பாஸ். எட்டாம் வகுப்புவரை 'அனைவரும் தேர்ச்சி' என்று அறிவிக்கிற பள்ளியில், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தையும் தேர்ச்சிதான். நாம் சொல்ல வருவதற்கு நேர்மாறான பொருளை அது தந்துவிடும்.

எனவே 'தேர்திறன்' என்று பரிந்துரைக்கிறேன். இலங்கையின் வேர்ச்சொல்லும் நம் பாடநூலின் சொல்லும் இதில் சேர்கின்றன. இது வினைத்தொகை: தேர்ந்த திறன், தேர்கின்ற திறன், தேரும் திறன். ஒரே தேர்வில் முடிந்துவிடாமல் வளர்ந்துகொண்டே இருப்பது என்ற பொருள் இலக்கணத்திலேயே கிடைக்கிறது. பன்மையும் இடறவில்லை: மூன்றாம் வகுப்புக்குரிய தேர்திறன்கள். தேர்ந்தெடுக்கும் திறன் என்று சிலர் மயங்கக்கூடும். கற்கும்போதே தொடர்ந்து மதிப்பிடுவதற்கு 'வளரறி மதிப்பீடு' என்ற சொல் வந்தபோதும் புதிதாகத்தான் ஒலித்தது. இன்று ஆசிரியர்கள் தயங்காமல் சொல்கிறார்கள்.

தேர்திறனை மையமாகக் கொண்ட கற்பித்தல் அணுகுமுறைக்குத் 'தேர்திறன்வழிக் கற்றல்' எனலாம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலின் பெயரோடு இது இயல்பாகப் பொருந்தும். உறவு பெயரில் மட்டும் இல்லை. செயல்வழிக் கற்றலில் பாடங்கள் ஏணிப்படிபோல வரிசைப்படுத்திய செயல்பாட்டு அட்டைகளாக இருந்தன; ஓர் அட்டையை முடித்த குழந்தையே அடுத்ததற்குப் போனது. வகுப்பு முழுவதும் ஒரே வேகத்தில் ஓட வேண்டியிருக்கவில்லை. தேர்திறன்வழிக் கற்றலின் உயிரும் அதுதான்.

'புராஜெக்ட்'டுக்குப் புதுச்சொல் தேவையில்லை. செயல்திட்டம் பழகிய சொல். செயல்திட்டவழிக் கற்றல் போதும். இது செயல்வழிக் கற்றலோடு குழம்பும் என்று குழுமத்தில் அம்மா ஒருவர் தெரிவித்த அச்சம் நியாயமானதே. ஆனால் பெரிய குழப்பம் சொல்லில் இல்லை. கடையில் வாங்கிய படங்களை அட்டையில் ஒட்டி, பெற்றோர் முடித்துக்கொடுப்பதையும் செயல்திட்டம் என்று ஏற்று மதிப்பெண் போடுகிறோமே! 1918-இல் அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் செயல்திட்ட முறை பற்றி முன்வைத்த கருத்தின் மையமே, குழந்தை தானாக நோக்கம் கொண்டு முழுமனத்தோடு ஈடுபடும் செயல் என்பது. கலைச்சொல் பட்டியலில் இதை ஒரு வரி விளக்கமாகக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

இலங்கை ஆசிரியர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் வழிகாட்டியில் 'தேர்ச்சி மட்டம்' இருக்கும் இடத்தில் 'தேர்திறன் மட்டம்' என்று வாசித்தால் உறுத்துகிறதா? உறுத்தினால் எந்த இடத்தில் என்று எழுதுங்கள்.