அப்பாவுக்குத் தமிழிலேயே அறிவாற்றல் சோதனை செய்பவர் மதுரையில் உண்டா?

வணக்கம். நாங்கள் திருமங்கலம். அப்பாவுக்கு 71 வயது, பல வருஷமாக பிரஷரும் சுகரும் உண்டு. போன மாதம் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையில் சிறு ரத்தக்குழாய் பாதிப்பு, ஃபசேகாஸ் 2 என்று வந்திருக்கிறது. ரத்தக்குழாய் பாதிப்பால் ஸ்கேனில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் எவ்வளவு என்று சொல்லும் அளவுகோல் அது, 0 முதல் 3 வரை.

ஞாபகம் பெரிதாகக் குறையவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நிலக் கணக்கைக்கூட சரியாகச் சொல்கிறார். ஆனால் எதைக் கேட்டாலும் பதில் வர நேரமாகிறது. மாட்டுத்தாவணியில் பஸ் மாறி மேலூர் போகவேண்டும் என்றால், எதை முதலில் செய்வது என்று திகைத்து நிற்கிறார். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். அதைவிட வேதனை, எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்திருப்பது. "வயசானா அப்படித்தான்" என்கிறார்கள் உறவினர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மூளையின் முன்பகுதியை உள்பகுதிகளோடு இணைக்கும் இழைகள் ரத்தம் குறைந்து சேதமாவதால்தான் வேகமும் திட்டமிடுதலும் முதலில் அடிவாங்குகின்றன என்று டாக்டர் விளக்கினார்.

2019இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், பிரஷரின் மேல் அளவை 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு இந்த வெள்ளைப் புள்ளிகள் வளர்வது குறைந்தது. ஆனால் சுகர் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. அப்பாவோ எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறது என்கிறார். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உங்கள் டாக்டர் பிரஷருக்கு என்ன அளவு சொன்னார்?

அப்புறம், மோகா (MoCA) போன்ற, ஞாபகம், கவனம், திட்டமிடுதலைக் கேள்விகள் மூலம் பார்க்கும் சோதனையைத் தமிழில் பொறுமையாகச் செய்பவர்களும், வீட்டுக்கு வந்து நடைப்பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டும் தெரிந்தால் சொல்லுங்கள். மதுரை வரை அழைத்து வருவதில் சிரமமில்லை.